தள்ளுபடியான பிராதைத் திருத்தி எழுதுதல்

அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களில் வக்கீலின்றி வழக்காடுவோர் நிலை

நியூயார்க் துறைமுகத்துச் சுங்கச் சாவடியில் 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் ஓர் ஏலம் நடைபெற்றது. இத்தாலியிலிருந்து வந்திறங்கிய மருந்துச் சாற்றுப் புட்டிகள் அன்று விலைபோயின. அவற்றைத் தருவித்தவர் டியோகுவார்டி என்பவர். சரக்கின் விலையில் மூன்றில் இரண்டு பங்கை மிலான் நகரிலேயே செலுத்திவிட்டதாக அவர் கூறினார். எஞ்சிய தொகை குறித்து அவருக்கும் சரக்கை அனுப்பியவருக்கும் பிணக்கு நேர்ந்தது. சரக்கு ஓராண்டுக் காலம் சுங்க அதிகாரியின் வசம் கிடந்து, பின்னர் ஏலத்திற்கு வந்தது.

அந்த ஏலத்தைப் பற்றி அவருக்கு முக்கியமான மனக்குறைகள் இரண்டு. தாம் கேட்ட 110 டாலர் விலைக்கே சரக்கு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது, அந்த மனிதர் கேட்ட 120 டாலருக்கு அன்று என்பது ஒன்று. ஏலத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, பெட்டிக்கு 19 புட்டிகள் வீதம் இரண்டு பெட்டிகள் காணாமற்போயின என்பது மற்றொன்று. சுங்க அதிகாரி மீது 5,000 டாலர் நஷ்டஈடு கோரி அவர் வழக்குத் தொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் அவருக்கு இருந்த பயிற்சி சொற்பமே. எனினும் பிராதைத் தாமே எழுதினார்.

நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் திருத்தி எழுதித் தாக்கல் செய்ய அனுமதியும் அளித்தது. அவர் திருத்தி எழுதினார். முன்னைவிடச் சினம் மிகுந்திருந்தது, தெளிவு மிகவில்லை. அப்பிராதும் தள்ளுபடியாயிற்று. இம்முறை அது இறுதித் தீர்ப்பு. அவர் மேல்முறையீடு செய்தார்.

வக்கீல் இல்லாத ஒருவரின் பிராது ஏன் தள்ளுபடியாகிறது, அதனை எவ்வாறு திருத்தி எழுதுவது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மக்கள் பலர் இன்று அந்நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படலாம். ஏனையோருக்கும், எளிய மனிதன் ஒருவன் நீதிமன்றத்தின் முன் நின்று தன் குறையைச் சொல்வது எத்தகைய செயல் என்பதை இது உணர்த்தும்.

தானே வழக்காடும் உரிமை

அமெரிக்காவில் இருவகை நீதிமன்றங்கள் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனித்தனி நீதிமன்றங்கள் உண்டு. அவற்றினின்று வேறாக, நாடு முழுவதற்கும் உரியனவாகிய சமஷ்டி நீதிமன்றங்கள் உண்டு. நாடு 94 சமஷ்டி ஜில்லாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்நீதிமன்றங்கள் எல்லா வழக்குகளையும் ஏற்பதில்லை. சமஷ்டிச் சட்டம் ஒன்றின்கீழ் எழும் வழக்குகளையும், வெவ்வேறு மாநிலத்தாரிடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட தொகை குறித்து எழும் வழக்குகளையுமே பெரும்பாலும் விசாரிக்கின்றன. எனவே, வழக்கு ஏன் இந்த நீதிமன்றத்திற்கு உரியது என்பதைப் பிராதின் தொடக்கத்திலேயே கூறியாகவேண்டும்.

தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்திலேயே எழுதப்பட்டது, இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் இவ்வுரிமை தனி மனிதனுக்கே உரியது. ஒரு கம்பெனியோ சங்கமோ வக்கீல் மூலமாகவே சமஷ்டி நீதிமன்றத்தில் தோன்ற இயலும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இல் உறுதிப்படுத்தியது. ஆகவே அந்நாட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தலைவர், தம் சங்கத்துக்காகத் தாமே பிராது எழுதிக் கையெழுத்திட முடியாது. தம் சொந்த உரிமைக்காக மட்டுமே முடியும்.

உரிமையியல் வழக்குகளில் அரசாங்கச் செலவில் வக்கீல் பெறும் உரிமை பொதுவாக இல்லை. ஏழையின் வழக்கை எடுத்துக்கொள்ளுமாறு வக்கீல் ஒருவரை நீதிமன்றம் கேட்டுக்கொள்ளலாம். அது அரிதாகவே நிகழ்கிறது. நீதிமன்ற அலுவலக எழுத்தர்கள் படிவங்களைத் தருவார்கள், நடைமுறையைக் கூறுவார்கள், சட்ட ஆலோசனை கூற அவர்களுக்கு அனுமதியில்லை. பல ஜில்லாக்களில் வக்கீலில்லாதோருக்கு இலவச ஆலோசனை நிலையங்கள் உள்ளன. வழக்கிட விரும்புவோர் முதலில் நாடவேண்டிய இடம் அதுவே.

தள்ளுபடி என்பதன் பொருள்

தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதும், வழக்கில் தோற்றுவிட்டோம் என்று பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். இது எப்போதும் சரியன்று. நெசவாளர் சங்கத்தில் துணியைச் சரிபார்ப்பவர், குறையைக் காட்டி, அதைச் சீர்செய்து கொண்டுவருமாறு திருப்பித் தருவதும் உண்டு. இது சங்கத்திற்கு வேண்டா என்று அறவே ஒதுக்குவதும் உண்டு. நீதிமன்றத் தள்ளுபடியிலும் இவ்விரு வகைகள் உள்ளன.

பிராதின் தொடக்க நிலையில் நீதிபதி சாட்சிகளை விசாரிப்பதில்லை. வாதி கூறும் உண்மைகளை அப்படியே மெய்யென்று வைத்துக்கொண்டு, அவை அனைத்தும் மெய்யாயினும் சட்டப்படி இவருக்குப் பரிகாரம் உண்டா என்று மட்டுமே பார்க்கிறார். இல்லை எனத் தோன்றினால் பிராதைத் தள்ளுகிறார். ஆகவே, வாதி பொய் சொன்னார் என்பது இத்தகைய தள்ளுபடியின் பொருளன்று. தாளில் எழுதப்பட்டது போதவில்லை என்பதே பொருள்.

தள்ளுபடி ஆணையில் மூன்று செய்திகளைத் தேடவேண்டும். முதலாவது, திருத்தி எழுத அனுமதி உண்டா என்பது. இரண்டாவது, அதற்குரிய கெடு எந்நாள் என்பது. மூன்றாவது, மீண்டும் வழக்கிடும் உரிமை காக்கப்பட்டிருக்கிறதா, பறிக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஆணை இதனைப் பற்றி ஒன்றும் கூறாவிட்டால், அதிகார வரம்பின்மை முதலிய சில காரணங்கள் நீங்கலாக, வழக்கே முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்பது விதி. எனவே ஆணை மௌனமாயிருப்பது நமக்கு அனுகூலம் என்று எண்ணிவிடலாகாது.

கட்டணம் செலுத்த இயலாமல் விலக்குப் பெற்று வழக்கிடுவோரின் பிராதை, பிரதிவாதிக்குச் சம்மன் போகுமுன்பே நீதிபதி ஆராய்ந்து தள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. எதிராளி வாய் திறக்குமுன்பே வழக்குத் தள்ளுபடியானதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். இது ஏழைகளின் பிராதுகளுக்கும் சிறைக்கைதிகளின் பிராதுகளுக்கும் உரிய நடைமுறை. இங்கும் குறை திருத்தக்கூடியதாயின் திருத்த வாய்ப்புத் தருவதே வழக்கம்.

இரக்கத்தின் எல்லை

டியோகுவார்டியின் மேல்முறையீட்டில் 1944-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தீர்ப்பளித்தவர் நீதிபதி சார்லஸ் கிளார்க். 1938-இல் நடைமுறைக்கு வந்த சமஷ்டி உரிமையியல் விதிகளை வரைவதில் தலையாய பங்கு கொண்டவர் அவரே. பழைய முறையில் பிராது எழுதுவது நுணுக்கமான ஒரு வித்தையாக இருந்தது. ஒரு சொல் பிறழினும் வழக்கு வீழும். புதிய விதியோ, வாதிக்குப் பரிகாரம் உண்டு எனக் காட்டும் சுருக்கமான, தெளிவான கூற்று இருந்தால் போதும் என்றது. அந்த அளவுகோலால் பார்த்தால், நடை எவ்வளவு கரடுமுரடாயினும் வணிகர் தம் குறையைச் சொல்லியே இருக்கிறார் என்று கிளார்க் கண்டார். கீழ் நீதிமன்றத்தின் தள்ளுபடி ரத்தாயிற்று.

வக்கீலில்லாதோரின் பிராதை வக்கீல்கள் வரையும் பிராதுக்குரிய கண்டிப்போடு அளத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1972-இல், இல்லினாய் மாநிலச் சிறைக்கைதி ஒருவரின் வழக்கில் கூறியது. 2007-இலும் அதனை மீண்டும் வலியுறுத்தியது. சட்டத்தின் பெயரைத் தவறாகக் குறித்தலும், இலக்கணப் பிழையும், தலைப்பு மாற்றமும் இந்த இரக்கத்தால் பொறுக்கப்படும்.

ஆயினும் இரக்கம் சொல்லுக்கு உண்டே தவிர, சொல்லப்படாத உண்மைக்கு இல்லை. வாதி எழுதாத செய்தியை நீதிபதி தாமாகக் கற்பித்துக்கொள்ள மாட்டார்; வாதியின் வக்கீலாக மாறவும் மாட்டார். மேலும், 2007-இலும் 2009-இலும் உச்ச நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகள் அளவுகோலையே சற்று உயர்த்திவிட்டன. வாதியின் உரிமை நம்பத்தக்கது எனத் தோன்றும் அளவிற்கு உண்மைகளைப் பிராதில் கூறவேண்டும் என்பதும், வெறும் முடிவுரைகளை மெய்யெனக் கொள்ளவேண்டியதில்லை என்பதும் அவற்றின் சாரம். பிரதிவாதி அநியாயம் செய்தார், சதி செய்தார், சட்டத்தை மீறினார் என்பன முடிவுரைகள். இன்ன நாளில், இன்னார், இன்னது செய்தார் என்பதே உண்மை.

டியோகுவார்டியின் உடைந்த ஆங்கிலத்தில் ஏல நாள் இருந்தது. இரு விலைகள் இருந்தன. காணாமற்போன பெட்டிகளின் எண்ணிக்கையும் இருந்தது. அவரைக் காத்தது இரக்கம் மட்டுமன்று; அந்த விவரங்களும் சேர்ந்துதான்.

ஓர் உதாரணம்

விளங்குவதற்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்மணி, மிகைநேரக் கூலி கிடைக்கவில்லை என வழக்கிடுகிறார். 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம், அச்சட்டத்திற்கு உட்பட்ட தொழிலாளர் வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைத்தால், மிகையான ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்கிறது. அவர் தம் முதற்பிராதில் இவ்வாறு எழுதினார்:

“முதலாளி என்னை இரவு பகலாக வேலை வாங்கினார். சட்டப்படி தரவேண்டிய கூலியைத் தரவில்லை. என்னை ஏமாற்றினார். எனக்கு நீதி வேண்டும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆயினும் தள்ளுபடியாகும். எந்த வாரத்தில் எத்தனை மணி உழைத்தார்? என்ன கூலி பெற்றார்? அத்தொழிற்சாலை சமஷ்டிச் சட்டத்திற்கு உட்பட்டதா? இவற்றிற்கு விடையில்லை. நீதிபதி தம் ஆணையில் இக்குறைகளைக் கூறி, 30 நாள் கெடுவில் திருத்தி எழுத அனுமதிக்கிறார். திருத்திய பிராதில் அவர் எழுதவேண்டியது இவ்வாறிருக்கும்:

“(1) நான் 2025 மார்ச்சு 3 முதல் ஜூலை 19 வரை, 20 வாரங்கள், பிரதிவாதியின் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தேன். (2) அத்தொழிற்சாலை தன் ஆடைகளை வேறு மாநிலங்களில் உள்ள கடைகளுக்கு அனுப்பி விற்கிறது. நான் தைத்த ஆடைகளும் அவ்வாறு அனுப்பப்பட்டன. (3) அந்த 20 வாரங்களிலும் வாரத்திற்கு 52 மணி நேரம் வேலை செய்தேன். (4) எல்லா மணிகளுக்கும் மணிக்கு 16 டாலர் வீதமே கூலி பெற்றேன். (5) 40 மணிக்கு மேற்பட்ட 12 மணிகளுக்கு, மணிக்கு 24 டாலர் வீதம் பெற்றிருக்கவேண்டும். (6) ஆகவே வாரத்திற்கு 96 டாலர் குறைந்தது. 20 வாரங்களுக்கு 1,920 டாலர் வரவேண்டும்.”

இதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. முதலாளியின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆயினும் முன்னதினும் பன்மடங்கு வலிமையுடையது. வாரக்கூலிச் சீட்டுகளும் சொந்தக் குறிப்பேடும் இருந்தால் மணிக்கணக்கை இவ்வாறு எழுத இயலும். சரியான எண் நினைவில்லையாயின், ஏறத்தாழ என்று நேர்மையாகக் கூறலாம். அறிந்தே பொய் எழுதுவது தண்டனைக்கு இடமாகும்.

ஏமாற்று, மோசடி என்று குற்றஞ்சாட்டுவோர்க்கு விதி மேலும் கண்டிப்பானது. மோசடியான சொல்லை யார், எப்போது, எங்கே, எவ்வாறு கூறினார் என்பதைக் குறிப்பிட்டே எழுதவேண்டும். மேற்கூறிய பெண்மணிக்கு மோசடி என்ற சொல்லே தேவையில்லை. கூலிக் குறைவைக் காட்டினால் போதும். தேவையற்ற குற்றச்சாட்டைச் சேர்ப்பது தேவையற்ற சுமையை ஏற்பதாகும்.

எழுதும் முறை

திருத்திய பிராது எழுதுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய முதல் விதி இது: புதிய பிராது தாக்கலானதும் பழையது தன் இடத்தை இழந்துவிடும். முன் பிராதில் கூறியபடி என்று எழுதி, புதிய செய்திகளை மட்டும் இரண்டு பக்கத்தில் சேர்த்து அனுப்புவோர் பலர். இது பெருந்தவறு. பழைய பிராதில் இருந்த கோரிக்கையோ பிரதிவாதியின் பெயரோ புதியதில் விடுபட்டால், அது கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். எனவே புதிய பிராது தன்னளவில் முழுமையாக இருத்தல் வேண்டும்: தரப்பினர் யாவர், அதிகார வரம்பு எதனால் உண்டு, நடந்தது யாது, எந்தச் சட்டப்படி உரிமை, கோரும் பரிகாரம் என்ன என்ற ஐந்தும் வேண்டும்.

பந்திகளுக்கு வரிசையாக எண் இடவேண்டும். ஒரு பந்தியில் கூடுமானவரை ஒரே செய்தி இருத்தல் நன்று. பிரதிவாதிகள் பலராயின், ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பதைப் பிரித்து எழுதவேண்டும். பிரதிவாதிகள் அனைவரும் என்று ஒரே கட்டாகக் கட்டுவது தள்ளுபடிக்கு ஏது. தலைப்பில் “முதல் திருத்திய பிராது” என்றும், வழக்கு எண்ணையும் குறிக்கவேண்டும். இறுதியில் தம் கையாற் கையெழுத்திட்டு விலாசம் எழுதவேண்டும். புதிய கட்டணம் இதற்குக் கிடையாது.

எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கவேண்டும். டியோகுவார்டியின் முதற்பிராதின்படி இரண்டு பெட்டிகளில் 38 புட்டிகள் இருந்திருக்கவேண்டும். திருத்திய பிராதிலோ 37 என்று எழுதியிருந்தார். அது சிறு பிழையே. எனினும் பழைய பிராது இடமிழந்தாலும் அதிலுள்ள கூற்றை எதிர்த்தரப்பார் பின்னர் எடுத்துக்காட்ட இடமுண்டு. கூற்றை மாற்றவேண்டி வந்தால், ஏன் மாறியது என்று கூறிவிடுவதே நேர்மை.

நீதிபதியின் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் காட்டிய ஒவ்வொரு குறைக்கும் புதிய பிராதின் எந்தப் பந்தி விடை கூறுகிறது என்று ஓரத்தில் குறித்துப் பார்த்தல் சிறந்த வழி. விடையில்லாத குறை ஒன்று எஞ்சினாலும், பிராது மீண்டும் அதே இடத்தில் இடறும். நீதிபதியின் மீது வருத்தம் இருப்பின் அதனைப் பிராதில் கொட்டலாகாது. டியோகுவார்டியின் இரண்டாம் பிராது முதற்பிராதின் செய்திகளையே மேலும் உரத்த குரலில் கூறியது. அதனால்தான் கீழ் நீதிமன்றத்தில் அது மீண்டும் வீழ்ந்தது.

கெடுவைக் கடைப்பிடித்தல் மிக முக்கியம். தாளைத் தபாலில் சேர்த்த நாள் கணக்கில் வாராது. நீதிமன்ற அலுவலகத்தில் அது போய்ச் சேர்ந்த நாளே கணக்கு. சிறைக்கைதிகளுக்கு மட்டும், சிறை அதிகாரியிடம் கொடுத்த நாளே தாக்கல் நாளெனக் கொள்ளும் சலுகை சில தாக்கல்களில் உண்டு. கெடு போதாதெனத் தோன்றினால், அது கழியுமுன்பே தக்க காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்கவேண்டும். பதில் ஏதும் தாக்கல் செய்யாதிருந்தால் வழக்கு அடியோடு தள்ளப்படலாம். விலாசம் மாறினால் உடனே தெரிவிக்கவேண்டும். ஆணை வந்த உறை திரும்பிப் போய், அதனாலேயே வழக்கு இழந்தவர்கள் உண்டு.

தள்ளுபடிக்கு முன்பே திருத்துவது அதனினும் நன்று. பிரதிவாதி, பிராதைத் தள்ளவேண்டும் என்று மனு அனுப்பினால், அம்மனு தமக்குச் சார்பு செய்யப்பட்ட 21 நாட்களுக்குள் ஒருமுறை, எவர் அனுமதியும் இன்றிப் பிராதைத் திருத்தலாம் என்று 15-ஆம் விதி கூறுகிறது. குறைகளை எதிராளியே தம் மனுவில் எழுதித் தந்துவிடுகிறார்! அதைப் படித்துத் திருத்தாமல், தம் பிராது சரியென்று வாதாடிப் பொழுதைப் போக்குவோர் அரியதொரு வாய்ப்பை இழக்கின்றனர்.

அனுமதி மறுக்கப்படுவது எப்போது?

அந்த ஒருமுறை கடந்த பின், எதிராளியின் எழுத்துமூலமான இசைவோ நீதிபதியின் அனுமதியோ வேண்டும். நீதி கோரும்போது அனுமதியைத் தாராளமாக அளிக்கவேண்டும் என்பதும் அவ்விதியிலேயே உள்ளது. இதன் பொருளை 1962-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அவ்வழக்கு நம் குடும்பங்களிலும் நேரக்கூடியது போன்றது. தாயைப் பராமரித்தால் உயில் எழுதாமல் சொத்தில் பங்கு கிடைக்கச் செய்வதாகத் தந்தை வாய்மொழியாக வாக்களித்தார் என மகள் கூறினார். தந்தையோ உயில் எழுதிவிட்டார். எழுத்தில் இல்லாத வாக்குறுதி செல்லாது எனப் பிராது தள்ளப்பட்டது. அவ்வாறாயின், தாயைப் பராமரித்த உழைப்பின் மதிப்பையாவது தருக என்று பிராதைத் திருத்த மகள் அனுமதி கேட்டார். கீழ் நீதிமன்றம் காரணம் கூறாமல் மறுத்தது.

காரணம் கூறாத மறுப்பு நீதியாகாது என்று உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. மறுப்புக்குத் தக்க காரணங்கள் எவை என்பதையும் கூறியது: தேவையற்ற தாமதம், கெட்ட நோக்கம், முன்னர் வாய்ப்பளித்தும் குறைகளைத் திரும்பத் திரும்பத் தீர்க்காமை, எதிராளிக்கு நேரும் அநியாயமான இடர்ப்பாடு, திருத்தினாலும் பயனின்மை ஆகியவை. இவை இல்லாதபோது அனுமதி கிடைத்தல் வேண்டும். உண்மைகள் அவையே இருக்க, சட்டக் காரணத்தை மட்டும் மாற்றித் திருத்தவும் இடமுண்டு என்பதை இவ்வழக்குக் காட்டுகிறது. அனுமதி கேட்கும் மனுவோடு, தாக்கல் செய்ய விரும்பும் புதிய பிராதையும் இணைத்தனுப்புவது நன்று; பல ஜில்லாக்களில் அது கட்டாயம்.

இறுதித் தீர்ப்பும் காலாவதியும்

தள்ளுபடி இறுதித் தீர்ப்பாகப் பதியப்பட்டுவிட்டால் வழி குறுகுகிறது. அப்போது பிராதை மட்டும் திருத்தி அனுப்புவது பயன்படாது; தீர்ப்பை முதலில் நீக்கக் கோரவேண்டும். தீர்ப்பை மாற்றக் கோரும் மனுவுக்கு 28 நாள் கெடு. இதனை நீட்டிக்க நீதிபதிக்கும் அதிகாரமில்லை. மேல்முறையீட்டு அறிவிப்புக்குப் பொதுவாக 30 நாள். சமஷ்டி அரசாங்கமோ அதன் அதிகாரியோ ஒரு தரப்பாயின் 60 நாள்.

மீண்டும் வழக்கிடலாம் எனத் தள்ளப்பட்டவர்களும் ஓர் ஆபத்தை அறிந்திருக்கவேண்டும். ஒவ்வோர் உரிமைக்கும் காலாவதி உண்டு. முன் சொன்ன மிகைநேரக் கூலிக்கு அது இரண்டாண்டு. வேண்டுமென்றே மீறியதாயின் மூன்றாண்டு. முதல் வழக்கு முடிந்துபோய் வேறொரு புதிய வழக்கு இட்டால், முதல் வழக்கு நடந்த காலம் பொதுவாகக் கழித்துக்கொள்ளப்படாது. அதே வழக்கினுள் திருத்திய பிராதோ, அதே நிகழ்ச்சியைப் பற்றியதாயின், முதற்பிராதின் நாளிலேயே தாக்கலானதாகக் கொள்ளப்படும். ஆகவே கொடுக்கப்பட்ட கெடுவினுள் திருத்துவதற்கும், பின்னர் ஆறுதலாகப் புதிதாய்த் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு சில சமயம் வழக்கையே இழப்பதும் காப்பதுமாக முடியும்.

எல்லாக் குறைகளும் திருத்தத்தால் தீர்வனவல்ல. இரு தரப்பாரும் ஒரே மாநிலத்தாராக இருந்து, சமஷ்டிச் சட்டமும் தொடர்பில்லையாயின், எத்தனை முறை எழுதினாலும் இந்நீதிமன்றம் ஏற்காது. மாநில நீதிமன்றத்தையே நாடவேண்டும். அதை உரிய காலத்தில் உணர்வதும் விவேகமே.

வணிகரின் வழக்கு என்னவாயிற்று?

டியோகுவார்டியின் வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்திற்குச் சென்றது. அனுப்பும்போதே கிளார்க் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். வக்கீலின் உதவியை ஏற்காவிட்டால் விசாரணையில் நீதியைக் காண்பது கடினமாகும் என்றும், உதவியை மறுப்பது அவர் உரிமை என்றும் கூறினார். நீதிமன்றம் முன்பே யோசனை கூறிய வக்கீலின் உதவியை அவர் ஏற்கவில்லை. விசாரணை நடந்தது, தீர்ப்பு அவருக்குப் பாதகமாயிற்று. 1945-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இரண்டு பெட்டிகளுக்கும் அவர் ஒன்றும் பெறவில்லை.

ஆயின் அவர் போராடியது வீணா? அன்று என்றே கூறவேண்டும். சாட்சி கேளாமலே தாளைப் பார்த்துத் தள்ளப்பட்ட வழக்கு, சாட்சி கேட்டு முடிவு செய்யப்பட்டது. தோல்வியிலும் இவ்விரண்டிற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர் தலைமுறை தலைமுறையாக அவர் வழக்கைப் பாடமாகப் படித்து வருகின்றனர்.

திருத்தி எழுதும் அனுமதி வெற்றியன்று. கேட்கப்படுவதற்கான மற்றொரு வாய்ப்பு மட்டுமே. வக்கீல் கிடைக்குமாயின் அவரை நாடுவதே நலம். கிடைக்காதபோது ஆணையைப் பொறுமையோடு படித்து, நாளும் பெயரும் தொகையும் குறித்து, குறித்த கெடுவினுள் முழுமையாக எழுதித் தருபவர் தம் கடமையைச் செய்தவராவார். அதன்பின் அவர் சொல்வதைக் கேட்டு முடிவு கூறுவது நீதிமன்றத்தின் கடமை.